இறங்க மறுக்கும் பாய்

ஆடி மாதத்தில் கடமலைக்குண்டு கடைவீதியில் காற்றுக்கு எதிர்முகமாக இருக்கும் கடைகளின் ஷட்டரைத் தூக்குவது ஒரு தனி வேலை. கம்பம் பள்ளத்தாக்கின் மலையிடுக்கு வழியாகப் புகுந்து வரும் தென்மேற்குக் காற்று தகரத்தை அழுத்திக்கொண்டே இருக்கும். ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதும் இதே காற்றுதான். மார்கழியில் ஒற்றைக் கையால் ஏறிய ஷட்டர் ஆடியில் இரண்டு பேரைக் கேட்கும். புதிதாக வேலைக்கு வந்த பையன் ஓரத்தைப் பிடித்து இழுப்பான். ஒரு முழம் ஏறியதும் ஒருபக்கமாகச் சாய்ந்து, பக்கச் சட்டத்தில் இறுகி நின்றுவிடும். அவன் இன்னும் பலமாக இழுப்பான். அது இன்னும் பலமாக இறுகும். "ஓரத்துல பிடிக்காதப்பா, நடுவுல பிடிச்சுத் தூக்கு" என்பார் கடைக்காரர். நடுவில் பிடித்த மாத்திரத்தில் கிறீச்சிட்டபடி மேலே போய்விடும்.

ஷட்டரின் எடை ஆடிக்கும் மார்கழிக்கும் மாறுவதில்லை. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் அதேதான். மாறியது பக்கவாட்டு அழுத்தம் ஒன்றுதான். 10 அடிக்கு 10 அடி ஷட்டரின் பரப்பு சுமார் 9 சதுர மீட்டர். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறக்குறைய 6 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். மொத்தம் 54 கிலோ. அந்த 54 கிலோவும் தகரத்தின் இரண்டு ஓரங்களைப் பக்கச் சட்டத்தோடு சேர்த்து நெரிக்கிறது. மேலே தூக்குகிறவர் தகரத்தின் எடையோடு அந்த உரசலையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கிறது.

கடலே கண்ணில் படாத இந்த ஊரில் நின்றுகொண்டு பாய்மரப் படகைப் பற்றிப் பேசலாம் என்கிற துணிச்சலை எனக்குக் கொடுப்பது இந்த ஷட்டர்தான். படகின் பெரிய பாயை ஏற்றுவதிலும் இறக்குவதிலும் உள்ள சிக்கல் இம்மி பிசகாமல் இதேதான். ஆனால் அங்கே துணியின் பரப்பு பல மடங்கு. தூக்குகிறவர் நிற்கும் தரை ஆடுகிறது. சில நேரங்களில் பாய் இறங்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து ஐ.என்.எஸ்.வி. தாரிணி என்ற பாய்மரப் படகு உலகைச் சுற்றக் கிளம்பியது. படகில் இருந்தது இரண்டே பேர்: இந்தியக் கடற்படையின் லெப்டினன்ட் கமாண்டர்கள் தில்னாவும் ரூபாவும். தில்னாவுக்குக் கோழிக்கோடு, ரூபாவுக்கு நம் புதுச்சேரி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் அமெரிக்காவின் கேப் ஹார்ன் முனை, தென் ஆப்பிரிக்கா என்று சுற்றி, சுமார் 25,400 கடல் மைல் கடந்து 2025 மே 29 அன்று கோவா திரும்பினார்கள். வழியில் 50 நாட், அதாவது மணிக்கு 93 கிலோமீட்டர் வேகக் காற்றையும் சந்தித்தார்கள். தாரிணியின் நீளம் 56 அடி. பாய்மரத்தின் உயரம் சுமார் 25 மீட்டர். ஏழெட்டு மாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் முறைவைத்துத் தூங்கும் படகில், பல நேரம் மேல்தளத்தில் விழித்திருப்பவர் ஒருவர்தான். இரவு இரண்டு மணிக்குக் காற்று திடீரென வலுத்தால் பாயைச் சுருக்க வேண்டியவர் அந்த ஒருவர்.

இப்படிப்பட்ட படகின் பெரிய பாய் முக்கோண வடிவம். அதன் முன்விளிம்பு பாய்மரத்தை ஒட்டி நேராக மேலே போகும். அடிவிளிம்பு, பாய்மரத்திலிருந்து பின்பக்கம் நீளும் பூம் என்கிற கிடைக்கம்பத்தின் மேல் இருக்கும். பாயின் உச்சியில் கட்டிய ஆஞ்சான் கயிறு பாய்மரத்தின் தலையிலுள்ள கப்பி வழியாகக் கீழே வரும். கயிற்றை இழுத்தால் பாய் ஏறும், விட்டால் இறங்க வேண்டும். முன்விளிம்பு காற்றில் பிய்த்துக்கொண்டு போகாமலிருக்க, மரத்தின் பின்பக்கம் அடி முதல் முடி வரை ஒரு தடம் இருக்கும். பாயில் தைத்திருக்கும் சறுக்குக் கட்டைகளோ சின்ன வண்டிகளோ அந்தத் தடத்தில் மாட்டிக்கொண்டு மேலும் கீழும் ஓடும். எந்தத் தடம், எந்த வண்டி என்பதுதான் படகுக்காரர்களின் கேள்வி.

பெரும்பாலோர் இதை ஏற்றும் சிரமமாகத்தான் முதலில் பார்க்கிறார்கள். கை வலிக்கிறது, நன்றாகச் சறுக்கும் தடம் ஒன்று போட்டுவிடலாம் என்று நினைப்பார்கள். ஏற்றுவதற்கு வேறு வழிகள் உண்டு. வின்ச் என்கிற சுழலுருளையில் கயிற்றைச் சுற்றி, கைப்பிடியைத் திருப்பி எவ்வளவு பலமாக வேண்டுமானாலும் இழுக்கலாம். மின்சார வின்ச்சும் இருக்கிறது. இறக்குவதற்கு வழக்கமாக அப்படி எதுவும் இருப்பதில்லை. கயிற்றால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. ஆஞ்சானை அவிழ்த்துவிட்ட பிறகு பாயைக் கீழே கொண்டுவருவது புவியீர்ப்பு ஒன்றுதான். ஆகவே தடத்தைத் தேர்ந்தெடுப்பவர் கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு சுலபமாக ஏறும்?" என்பதல்ல, "காற்று அழுத்திக்கொண்டிருக்கும்போது தானாக இறங்குமா?" என்பது. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம்.

50 சதுர மீட்டர் பாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். துணி, தையல், வண்டிகள் எல்லாமாக 30 கிலோ எடை. காற்று 20 நாட். அது நொடிக்கு 10 மீட்டர், ஆடி மாதத்து நம் ஊர்க் காற்றேதான். சதுர மீட்டருக்கு 6 கிலோ என்றால் பாயின் மேல் மொத்தம் 300 கிலோ அழுத்தம். இதில் பாதியைப் பின்விளிம்பும் கயிறுகளும் தாங்கிக்கொள்கின்றன என்று வைத்துக்கொண்டாலும், 150 கிலோ முன்விளிம்பு வழியாகத் தடத்தின் மேல் வந்து உட்காரும். பாயின் எடையைப் போல ஐந்து மடங்கு.

உராய்வு எண் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இங்கே வேலைக்கு வரும். ஒரு பரப்பை இன்னொரு பரப்போடு 100 கிலோ விசையில் அழுத்தும்போது அதை நகர்த்த 30 கிலோ விசை தேவையென்றால் உராய்வு எண் 0.3. உப்பும் தூசும் படிந்த அலுமினியப் பள்ளத்தில் பழைய பிளாஸ்டிக் கட்டை சறுக்கும்போது ஏறக்குறைய இந்த அளவு வரும். 150 கிலோவுக்கு உராய்வு 45 கிலோ. பாயைக் கீழே இழுக்கும் எடை 30 கிலோ. 45 இருக்கும் இடத்தில் 30 என்ன செய்துவிடும்? கயிற்றை அவிழ்த்துவிட்டாலும் பாய் மேலேயே நிற்கும்.

கணக்கைத் திருப்பிப் போட்டால் எல்லைக்கோடு கிடைக்கிறது. 30-ஐ 150-ஆல் வகுத்தால் 0.2. உராய்வு எண் இதற்குக் கீழே இருந்தால் இந்தப் பாய் 20 நாட் காற்றில் தானாக இறங்கும். மேலே இருந்தால் இறங்காது. இனி, காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. 40 நாட் காற்றில் தடத்தின் மேல் 600 கிலோ. எல்லைக்கோடு 0.05-க்கு இறங்கிவிடும். அந்தக் காற்றுக்கு முன்பே பாயைச் சுருக்கியிருப்பார்கள் என்று சொல்லலாம். ஆனால் சுருக்குவதற்கும் முதலில் அதைக் கொஞ்சம் இறக்கியாக வேண்டுமே.

எந்தக் கடலில், எத்தனை பேரோடு ஓடும் படகு என்று தெரியாமல் "நல்ல தடம் எது?" என்று கேட்பதில் பயனில்லை என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

அழுத்தத்தைக் குறைக்கக் காசு செலவில்லாத வழி ஒன்றும் உண்டு. படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பினால் பாய் கொடியில் காயும் துணியாகப் படபடக்கும். பக்கவாட்டு அழுத்தம் ஏறக்குறைய போய்விடும். துறைமுகத்துக்குள் எல்லோரும் செய்வது இதுதான். பெரிய அலைகளுக்கு நடுவே, பின்காற்றில் விரைந்துகொண்டிருக்கும் படகை அப்படித் திருப்புவது வேறு கதை. திரும்பும் வழியில் படகு அலைக்குப் பக்கவாட்டைக் காட்ட வேண்டியிருக்கும். அதைத் தவிர்ப்பதற்காகவே நெடுந்தூரம் போகிறவர்கள் காற்று பின்னால் இருக்கும்போதே பாயை இறக்கும் வசதியைத் தேடுகிறார்கள். அந்த நிலையில் பாய், பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பிகளின் மேலும் உரசிக்கொண்டு நிற்கும். உலகத்திலேயே விலை உயர்ந்த தடத்தைப் போட்டாலும் அந்த உரசல் போகாது. விற்பனையாளர்கள் இதைச் சொல்வது அரிது.

ஷட்டர் ஓரத்தில் பிடித்தால் இறுகுகிறதே, அதற்கும் இங்கே நேரான சோடி இருக்கிறது. ஆஞ்சான் கயிறு கட்டியிருக்கும் இடம் தடத்தின் மேலேயே இருப்பதில்லை. சில விரற்கடை பின்னால் தள்ளி, பாயின் தலைப்பலகையில் இருக்கும். மேலே இழுக்கும்போது தலைப்பலகை சாயப் பார்க்கும். சறுக்குக் கட்டையின் மேல்முனை ஒரு பக்கமும் கீழ்முனை மறுபக்கமுமாகத் தடத்தைக் கடிக்கும். இதில் விசித்திரம் என்னவென்றால், இழுவையைக் கூட்டக் கூட்டக் கடியும் அதே விகிதத்தில் கூடுகிறது. அதனால் கட்டை மிகக் குட்டையாக இருந்தால் எத்தனை பேர் சேர்ந்து இழுத்தாலும் நகராது. கயிறு கட்டிய இடம் தடத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதை உராய்வு எண்ணால் பெருக்கி, பிறகு இரட்டிப்பாக்குங்கள். சறுக்குக் கட்டை அந்த நீளத்தைவிட நீளமாக இருந்தால் ஓடும், குட்டையாக இருந்தால் சிக்கும். விலகல் 12 சென்டிமீட்டர், உராய்வு எண் 0.3 என்றால் கட்டை 7 சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். உராய்வு 0.1 ஆனால் இரண்டரை சென்டிமீட்டரே போதும். பாயின் தலையில் மட்டும் மற்றவற்றைவிட நீளமான வண்டி ஒன்றைப் பொருத்துவதன் காரணம் இதுதான். மொத்தத் தடத்தையும் மாற்றக் காசில்லாதவர்கள் தலைப்பலகைக் கட்டையை மட்டும் நீளமாக மாற்றினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

இன்னொரு எதிரி பேட்டன். பாய் தொய்யாமல் இருக்க அதன் குறுக்கே பட்டையான கோல்களைச் செருகுவார்கள். பின்விளிம்பில் மட்டும் குட்டையாக இருந்தால் தொல்லையில்லை. இப்போதைய பெரிய பாய்களில் பின்விளிம்பிலிருந்து பாய்மரம் வரை முழு நீளத்துக்குப் போகின்றன. காற்றில் பாய் வயிறு தள்ளும்போது அந்தக் கோல் வில்லாக வளைந்து, முன்முனையால் தடத்தை முட்டித் தள்ளும். சறுக்குக் கட்டைக்குப் பின்பக்கம் இழுபட மட்டுமே தெரியும். இப்போது கோல் அதை முன்பக்கம் தள்ளவும் பக்கவாட்டில் திருகவும் செய்கிறது. முழு நீளப் பேட்டன் வைத்த பாயைச் சாதாரணக் கட்டைகளோடு ஓட்டுகிறவர்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான். ஒவ்வொரு பேட்டன் முனைக்கும் எல்லாப் பக்கமும் திரும்பக்கூடிய மூட்டு வைத்த வண்டி தேவைப்படுகிறது.

இனி தடங்கள். எல்லாவற்றிலும் எளியது, பாயின் முன்விளிம்பில் ஒரு கயிற்றைத் தைத்து, அதைப் பாய்மரத்தின் பள்ளத்துக்குள் நேராக ஏற்றிவிடுவது. மரத்துக்கும் பாய்க்கும் நடுவே இடைவெளியே இல்லாததால் காற்றுக்கு நல்லது, பந்தயக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் விளிம்பு முழுவதும் உரசும், இறக்கினால் பாய் பள்ளத்தைவிட்டு வெளியே வந்து மேல்தளமெங்கும் சரியும். தனியாளுக்கு அது உதவாது. சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோவிலும் பாரிசிலும் ஒலிம்பிக்கில் ஓட்டிய ஒற்றையாள் படகில் தடமே கிடையாது. உறை போலத் தைத்த பாயைப் பாய்மரத்தின் மேல் மாட்டிவிட்டுத்தான் கடலில் இறங்குவார்கள். சின்னப் படகுக்கு அது போதும்.

அடுத்தது, பள்ளத்தில் தனித்தனியாக ஓடும் பிளாஸ்டிக் கட்டைகள். விலை குறைவு, இறக்கினாலும் பாய் மரத்தோடு தொங்கி அடுக்காக நிற்கும். பல படகுகள் இப்படித்தான் ஓடுகின்றன. புதிதாக இருக்கும்போது நன்றாகவே ஓடும். வெயிலும் உப்பும் சேரச் சேரத்தான் தகராறு.

மூன்றாவது வகை எனக்கு மிகவும் பிடித்தது. பழைய பள்ளத்துக்குள் வழுவழுப்பான பிளாஸ்டிக் பட்டையைச் செருகி, அதற்குள் துருப்பிடிக்காத எஃகுச் சறுக்குகளை ஓடவிடுவது. அமெரிக்காவின் டைட்ஸ் மரீன் நிறுவனம் இதைப் பரவலாக்கியது. அந்தப் பிளாஸ்டிக், மிக நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கொண்ட பாலிஎத்திலீன். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சையில் செயற்கை மூட்டுக்குள் வைப்பதும் இதே குடும்பத்துப் பொருள்தான். தண்ணீர் பட்டாலும் ஊறாது, எண்ணெய் கேட்காது, உராய்வு எண் 0.1, 0.15 என்ற அளவில் நிற்கும். நம் கணக்கில் 20 நாட் காற்றுக்குத் தாராளமாகத் தேறிவிடுகிறது. அசையும் பாகமே இல்லாததால் உடைந்துபோகவும் ஒன்றுமில்லை. ஒரே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். இந்தப் பிளாஸ்டிக் வெயிலில் அலுமினியத்தைவிடப் பல மடங்கு நீளும். 15 மீட்டர் பட்டை, விடியற்காலைக் குளிருக்கும் நடுப்பகல் சூட்டுக்கும் இடையில் 30 டிகிரி மாறினால் ஏழெட்டு சென்டிமீட்டர் நீண்டுவிடும். அலுமினியம் ஒரு சென்டிமீட்டரோடு நின்றுவிடும். இரண்டு முனையையும் திருகி வைத்தால் பட்டை நெளிந்து பாயைப் பிடித்துக்கொள்ளும். ஒரு முனையை மட்டும் பிடித்து, மறுமுனைக்கு இடம் விட வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

கடைசியாக, உருளும் வகை. இதைப் புரிந்துகொள்ள ஒருமுறை அணைக்கட்டுக்குப் போய்வர வேண்டும்.

கடமலைக்குண்டு வழியாக ஓடும் மூல வைகை கீழே போய்ச் சேரும் வைகை அணையைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீர்மட்டம் 66 அடி, 68.5 அடி, 69 அடி என்று ஏற ஏற மூன்று வெள்ள எச்சரிக்கைகள் விடப்படும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். மேற்கே முல்லைப் பெரியாறு அணையில் 13 உபரிநீர்க் கதவுகள். 2021 அக்டோபர் 29 அன்று அவற்றில் இரண்டை 35 சென்டிமீட்டர் உயர்த்தியது நினைவிருக்கலாம். மேல்நோக்கித் தூக்கும் அணைக்கதவும் ஷட்டரும் பாயும் ஒரே சாதிதான்: ஒரு பெரிய பரப்பு, அதன் மேல் பக்கவாட்டு அழுத்தம், இரு ஓரங்களிலோ ஓர் ஓரத்திலோ ஒரு தடம். 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள கதவு ஒன்றின் பின்னால் விளிம்பு வரை தண்ணீர் நின்றால் அழுத்தம் 125 டன். எஃகின் மேல் எஃகு சறுக்கினால், உராய்வு எண் 0.4 என்று வைத்தாலும், 50 டன் இழுத்தால்தான் அசையும். இறக்கும்போது கதவு தன் எடையால் மூடிக்கொள்ளவும் செய்யாது. பாய்க்குப் போட்ட அதே கணக்கு.

சறுக்குவதில் இன்னொரு கோளாறும் உண்டு. நிற்கும் பொருளை அசைக்கத் தேவையான விசை, அசைந்துவிட்ட பொருளை ஓட்டத் தேவையானதைவிட அதிகம். அதனால் முரண்டு பிடித்து நிற்கும், பிறகு திடுக்கென்று குதிக்கும், மறுபடி நிற்கும். ஷட்டரின் கிறீச்சொலி அந்தக் குதியாட்டத்தின் சத்தம்தான். 35 சென்டிமீட்டர் என்றால் 35-இல் நிறுத்தத் தெரிய வேண்டிய கதவு அப்படிக் குதித்தால் என்ன ஆகும்?

19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் எஃப்.ஜி.எம். ஸ்டோனி என்ற அயர்லாந்துப் பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டார். கதவுக்கும் சுவருக்கும் இடையே உருளைகளை ஒரு சட்டத்தில் வரிசையாகக் கோத்து நிறுத்தினார். கதவு சறுக்கவில்லை, உருண்டது. லண்டனில் தேம்ஸ் நதியின் ரிச்மண்ட் கதவணையிலும் (1894), எகிப்தில் நைல் நதியின் பழைய அஸ்வான் அணையிலும் (1902) இந்தக் கதவுகள் வந்தன. ஸ்டோனி சமாளிக்க வேண்டியிருந்த நுட்பமான சிக்கல் ஒன்று இருந்தது. உருளையின் ஒரு பக்கம் அசையாத சுவரைத் தொடுகிறது, மறுபக்கம் நகரும் கதவைத் தொடுகிறது. ஆகவே உருளையின் மையம் கதவின் வேகத்தில் சரிபாதி வேகத்தில்தான் போகும். கதவு 2 மீட்டர் ஏறினால் உருளைகள் 1 மீட்டர்தான் ஏறும், பின்தங்கிவிடும். கடற்கரையில் உருட்டுக்கட்டைகளின் மேல் வள்ளத்தை ஏற்றும் மீனவர்கள், பின்னால் விடுபடும் கட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுவதும் இதே காரணத்தால். ஸ்டோனி உருளைச் சட்டத்தைக் கதவோடு பிணைக்காமல், கப்பி வைத்த கயிற்றில் தனியாகத் தொங்கவிட்டு, கதவின் பாதி வேகத்தில் நகரும்படி செய்தார்.

பாய்மரத் தடத்தில் ஓடும் குண்டு வண்டிக்குள் இருப்பது அதே சிக்கல், வேறு தீர்வு. கைக்குள் அடங்கும் அந்த வண்டியைத் தடத்திலிருந்து கழற்றித் திருப்பிப் பார்த்தால் இரண்டு பக்கமும் மிளகைவிடச் சற்றுப் பெரிய குண்டுகள் வரிசையாக நிற்கும். தடத்தைத் தொட்டு உருளும் குண்டுகள் வண்டியைவிட மெதுவாகப் போவதால் ஒவ்வொன்றாகப் பின்முனைக்கு வந்துசேரும். அங்கே ஒரு வளைவில் திரும்பி, வண்டிக்குள் இருக்கும் மறைவான வாய்க்கால் வழியாக முன்முனைக்குப் போய், மறுபடி தடத்தில் இறங்கும். முடிவில்லாத சுற்று. உப்புநீரில் எஃகுக் குண்டு துருப்பிடிக்கும் என்பதால் டார்லான் போன்ற கடினப் பிளாஸ்டிக்கில் குண்டுகளைச் செய்கிறார்கள். 1960-களில் கப்பிகளுக்குள் பிளாஸ்டிக் குண்டுகளை வைத்துப் பார்த்த பீட்டர், ஓலாஃப் ஹார்க்கன் என்ற அமெரிக்கச் சகோதரர்களின் நிறுவனம் இந்தத் துறையில் இன்றும் பெரிய பெயர். உராய்வு எண் 0.01 அளவுக்கு இறங்கிவிடுகிறது. 150 கிலோ அழுத்தத்துக்கு ஒன்றரைக் கிலோ உராய்வு! 40 நாட் காற்றிலும் எல்லைக்கோட்டுக்கு வெகு கீழே. ஆஞ்சானை விட்டால் பாய் கல்லாக விழும். விழும் வேகத்தைப் பார்த்துப் பயந்து, கயிற்றை வின்ச்சில் ஒரு சுற்று சுற்றி, பதமாக விட வேண்டியிருக்கும்.

இத்தனை நல்லதுக்கும் விலை உண்டு. நான்கு வகைகளில் இதுவே மிக அதிகச் செலவு. பாய்மரத்தின் முழு உயரத்துக்கும் தனித் தண்டவாளம் திருக வேண்டும். அந்த எடை படகின் உயரத்தில் போய் உட்கார்ந்து ஆட்டத்தைக் கூட்டும். எஃகுத் திருகும் அலுமினிய மரமும் உப்புநீரில் சேர்ந்தால் மின்கலம் மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். நடுவே தடுப்புப் பசை பூசாமல் திருகக்கூடாது. வண்டிகள் உயரமாக இருப்பதால், இறக்கிய பாய் பூமுக்கு மேலே ஓர் ஆள் இடுப்பளவு அடுக்காக நிற்கும். உச்சியில் உள்ள ஆஞ்சானைக் கழற்ற எட்டாமல், ஆடும் படகில் எதன் மேலாவது ஏற வேண்டிவரும். தடத்தின் இரண்டு துண்டுகள் சேரும் இடம் மயிரிழை விலகினாலும் வண்டி அங்கே இடறும். கவனமில்லாமல் வண்டியைத் தடத்திலிருந்து உருவினால் குண்டுகள் சிதறிக் கடலுக்குப் போகும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? குட்டைப் பேட்டன்கள் வைத்த நடுத்தரப் பாய், கரையோர ஓட்டம், கூட நான்கு பேர் என்றால் நல்ல கட்டைகளும் நீளமான தலைக்கட்டையும் போதும். மிச்சப் பணத்தில் கயிறுகளை மாற்றலாம். கணவனும் மனைவியுமாக நெடுந்தூரம் போகும் 35, 40 அடிப் படகுக்குப் பிளாஸ்டிக் பட்டைத் தடமே சரி என்பேன். அதன் உராய்வு குண்டு வண்டியைப் போலப் பத்து மடங்கு இருந்தாலும், கடல் நடுவில் பழுதாகாத பொருளுக்கு இருக்கும் மதிப்பு அந்த வித்தியாசத்தை ஈடுகட்டுகிறது. போதாக்குறைக்குப் பாயின் உச்சியிலிருந்து மெல்லிய கயிறு ஒன்றைக் கீழே கொண்டுவந்து வைத்தால், முரண்டு பிடிக்கும் நேரத்தில் கையால் இழுத்து இறக்கலாம். முழு நீளப் பேட்டன்களோடு 60, 70 சதுர மீட்டரைத் தாண்டிய பாயை, தென்கடல்களில், ஒருவரோ இருவரோ கையாள வேண்டுமென்றால் மட்டும் உருளும் வண்டிக்குப் பணத்தைக் கொட்டலாம். அங்கே அது ஆடம்பரச் செலவு ஆகாது.

நம் கடற்கரைக்காரர்கள் இந்தச் சிக்கலைத் தடமே இல்லாமல் தாண்டியவர்கள். பாக் நீரிணைப் பக்கம் வள்ளங்களில் விரியும் முக்கோணப் பாய், பாய்மரத்தில் நேரடியாகக் கட்டப்படுவதில்லை. நீளமான பருமல் என்கிற சாய்கம்பத்தில் பாயைக் கட்டி, பருமலை ஆஞ்சானால் தூக்கி, மரத்தைச் சுற்றி ஒரு கயிற்று வளையத்தால் பிடித்துக்கொள்வார்கள். உரசுவது அந்த ஒரே இடத்தில்தான். ஆஞ்சானை விட்டால் பருமல் தன் கனத்தாலேயே கீழே வந்துவிடும். மேலே போட்ட கணக்கில் எடைக்கும் உராய்வுக்கும் நடக்கும் போட்டியில், தடம் செய்கிறவர்கள் உராய்வைக் குறைத்தார்கள். வள்ளக்காரர்கள் எடையைக் கூட்டி, உரசும் இடத்தை ஒன்றாக்கினார்கள். தூக்குவதற்கு ஆட்கள் வேண்டும் என்பது அதன் குறை. தொண்டிப் பக்கத்தில் இன்றும் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டிகளில் இந்தப் பாய்களைப் பார்க்கலாம்.

எந்தத் தடமானாலும் பராமரிப்பு ஒன்றுதான். நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். காய்ந்த உப்பு கண்ணுக்குத் தெரியாத மணலாகத் தடத்தில் உட்கார்ந்துகொள்ளும். கிரீஸ் போடவே கூடாது. ஷட்டர் சட்டத்தில் போட்ட கிரீஸ் புழுதியைச் சேர்த்துக் கறுத்த களிம்பாவதை எல்லாக் கடைக்காரர்களும் பார்த்திருப்பார்கள். காய்ந்ததும் பிசுபிசுக்காத சிலிக்கான், டெஃப்லான் வகைத் தெளிப்பு போதும்.

பழைய தடத்தை மாற்றலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மிதமான காற்றுள்ள நாளில், கரைக்கு அருகே, உதவிக்கு ஆள் வைத்துக்கொண்டு, படகைக் காற்றுக்கு நேராகத் திருப்பாமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தபடி ஆஞ்சானை அவிழ்த்துவிடுங்கள். பாய் எந்த உயரத்தில் நிற்கிறது என்று மரத்தில் அடையாளம் வையுங்கள். தடத்தைக் கழுவித் தெளிப்பு அடித்த பிறகு, அதே அளவு காற்றில் மறுபடி விடுங்கள். பாய் அடையாளத்துக்கு நன்றாகக் கீழே இறங்கியிருந்தால் தடத்தில் குறையில்லை, அழுக்குதான். அதே இடத்தில் நின்றால், தலைக்கட்டையின் நீளத்தையும் பேட்டன் முனைகளையும் அளந்து பார்த்துவிட்டுப் பிறகு கடைக்குப் போகலாம்.